பதினேழாவது டேக்

“கட்! கட்! கட்!”

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். புல்டோசருக்கு முன்னால் செத்த பிணம்போல் மல்லாந்து கிடந்த முப்பது விவசாயிகளும் எழுந்து உட்கார்ந்து முதுகைச் சொறிந்தார்கள்.

“என்ன சார் இது? ‘உங்க நிலத்தை நான் எடுத்தே தீருவேன்!’ அஞ்சே வார்த்தை. நீங்க என்னடான்னா ‘என் நிலத்தை நீங்க எடுத்தே தீரணும்’னு கெஞ்சுறீங்க. வில்லன் கெஞ்சலாமா?”

“டென்ஷன்ப்பா. இன்னொரு டேக் போகலாமா?” என்றார் வில்லன்.

போகலாமாவா! டைரக்டருக்கு வேண்டியதே அதுதான். ஏனென்றால் அவர் டைரக்டரே இல்லை, கல்யாண வீடுகளில் போட்டோ பிடிப்பவர். மாமியாரின் நாலு ஏக்கரை வளைத்து அடுக்குமாடி கட்ட ஒரு கம்பெனி புல்டோசரோடு வருகிறது என்று கேள்விப்பட்டதும், கேமராவையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்த மாப்பிள்ளை.

அவர் மனைவி தடை உத்தரவு வாங்கக் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். ஐந்து மணிக்குள் வந்துவிடுவாள். அதுவரை அந்த இரும்பு யானை ஓர் அங்குலம் நகரக்கூடாது. நகர்ந்தால், உத்தரவை மடித்து விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

வில்லனோ அசல் கம்பெனி மேலாளர். மதியம் புல்டோசருக்குப் பின்னால் ஜீப்பில் வந்து இறங்கியவர், எட்டுப் பக்க நோட்டீசை ஒரு திக்கல் திணறல் இல்லாமல், ஒரே மூச்சில் முழங்கினார். வரப்பில் நின்ற கொக்குகள் அடுத்த ஜில்லாவுக்கே பறந்துவிட்டன.

“சார், விவசாயிங்க நிலத்துக்காகப் போராடுற படம் எடுக்கிறோம். வில்லன் நடிகர் வரலை. உங்களுக்கு என்ன ஒரு முகவெட்டு சார்!”

மாப்பிள்ளை எடுத்துவிட்ட அந்த ஒரே பொய்யில் ஆள் ஃபிளாட். “வண்டியை நிறுத்துய்யா!” என்று டிரைவரை அதட்டிவிட்டு, பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஒரு நாற்றுகூட மிதிபடாமல் வயலில் கால் பார்த்துக் கால் வைத்து வந்தார். பாலிஷ் போய்விடுமாம்! வந்ததும் கேமராவுக்கு மூக்கு முட்டும் தூரத்தில் நின்று, அதை உற்றுப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.

ஏழாவது டேக்கில் தும்மினார். பதினொன்றில் வசனமே மறந்துபோயிற்று. பதினாலில், “சிரிப்பு வருதுப்பா” என்றார்.

“தொண்டை வறண்டுபோச்சு பாருங்க, தண்ணி குடிங்க மாப்ளே” என்று சொம்பை நீட்டிய மாமியார், நாக்கைக் கடித்துக்கொண்டு, “டைரக்டர் மாப்ளே” என்று சமாளித்தார்.

புல்டோசர் டிரைவர் பொறுமை இழந்தார். “சார், மணி நாலே முக்கால். வந்த வேலையைப் பார்க்கலாமே?”

“சும்மா இருய்யா, கலை தெரியாத ஆளு! அடுத்த டேக்!”

பதினேழாவது டேக் பாதியில் இருக்கும்போது, ஊரே தும்முமளவுக்குப் புழுதி கிளப்பிக்கொண்டு மாப்பிள்ளையின் மனைவி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் தடை உத்தரவு. மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி வாசித்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

“வண்டியைத் திருப்புய்யா.”

விவசாயிகள் போட்ட கூச்சலில் மேகமே கலைந்திருக்கும். “அஞ்சு வார்த்தை பேசத் தெரியலை, இதையெல்லாம் மேலாளரா வச்சிருக்கானுங்க!” என்று மாமியார் மகளின் காதைக் கடித்தார்.

“படம் ரிலீசானதும் சொல்லி அனுப்புறேன் சார்” என்று மாப்பிள்ளை பணிவாகக் கும்பிட்டார்.

ஜீப் கிளம்பிப் பத்தடி போய் நின்றது. மேலாளர் தலையை வெளியே நீட்டினார். இந்தத் தடவை திக்கவில்லை, திணறவில்லை. ஐந்தே வார்த்தை.

“கேமரா மூடியை முதல்ல கழட்டுங்க மாப்ளே!”