கூடுதல் நேரம்

பதினாறு கட்டங்கள். பதினாறு முகங்கள். எல்லாம் அவளுடைய கணினித் திரையில்.

அவரவர் வீட்டிலிருந்தே எழுதும் பரீட்சை. கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தின் நான்காவது மாடியில் உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் காப்பி அடிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. இரண்டு வருடமாக இதே நாற்காலி.

கண் எரிந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டாள்.

ஒன்பதாவது கட்டம் சிவந்தது.

செ. இளவரசி. வயது முப்பத்தொன்று. நூலக அறிவியல், கடைசித் தாள். இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

'திரையைப் பார்த்து எழுதவும்' என்று அவள் அனுப்பினாள். இது இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாம் முறை பரீட்சையை நிறுத்திவிட வேண்டும்.

இளவரசி மறுபடியும் இடப்பக்கம் பார்த்தாள்.

அலுப்புடன் அவள் அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கினாள். இப்போது விடைத்தாளும் தெரிந்தது. நூற்பட்டியல் பற்றிய விடை. அதன் நடுவே வேறு வரிகள் வந்து விழுந்தன.

'நிறுத்திவிடாதீர்கள். கேமரா இருப்பதால்தான் என் கணவர் உள்ளே வரவில்லை. போன் அவரிடம் இருக்கிறது. பரீட்சை முடிந்தால் இன்று விடமாட்டார்.'

ஐந்து விநாடி இருக்கும். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன.

அவள் உடனே நம்பிவிடவில்லை. மின்வெட்டு, மாமியார் சாவு, பாம்பு வந்தது. இந்த நாற்காலியில் எல்லாக் கதையும் கேட்டாயிற்று.

பிறகுதான் கையைப் பார்த்தாள். வலக்கையின் இரண்டு விரல்கள் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. மற்ற விரல்களால் தட்டிக்கொண்டிருந்தாள் இளவரசி. காலையிலிருந்து அவள் பார்த்தது முகத்தை மட்டும்தான்.

இடப்பக்கம் ஜன்னல். வெளிச்சம் அங்கிருந்துதான் வந்தது. அதை மறைத்து ஒரு நிழல் இளவரசியின் கன்னத்தில் ஏறி இறங்கியது. அங்கே நிற்பவனுக்குத் திரையும் தெரியும்.

மணி 12:41. ஒரு மணிக்குப் பரீட்சை முடிகிறது.

யோசித்து, நிதானமாகத் தட்டினாள்.

'தங்கள் முகவரியைச் சரிபார்க்கிறோம். ஹால்டிக்கெட்டில் உள்ளது சரி என்றால் தலையசைக்கவும்.'

யார் எட்டிப் பார்த்தாலும் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரிதான் இருக்கும்.

இளவரசி தலையசைத்தாள்.

முகவரியைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு, பக்கத்து நாற்காலி பியூலாவின் தோளைத் தொட்டாள்.

"என் கட்டங்களையும் பாத்துக்கோ. ஒன்பதை மட்டும் நிறுத்திடாத."

அவளுடைய போன் வெளியே லாக்கரில் இருந்தது. போய் எடுத்து அழைத்தாள். அவசர எண்ணில் எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். "வீட்டுக்கு ஏதாவது அடையாளம் சொல்லுங்கம்மா."

பச்சை பீரோ. மூலையில் சுருட்டிய பாய். பல்லி ஓடும் சுவர். வீட்டுக்குள் இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வாசலில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அரக்கோணம் பக்கத்து முகவரியை இரண்டு முறை வாசித்தாள்.

"அரை மணி நேரமாவது ஆகும்மா."

திரும்பி வந்தபோது 12:52.

'கூடுதல் நேரம்' என்ற பெட்டியைத் திறந்தாள். பத்து நிமிடம். காரணம்: இணையத் தடை.

ஒரு மணிக்கு மற்ற முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பதினைந்து சாம்பல் கட்டங்கள். ஒரே ஒரு முகம்.

"ஒரு மணிக்கு முடியும்னுதான சொன்ன?"

ஆண் குரல். முதல் முறையாக அவள் காதில் விழுந்தது.

இளவரசி திரை மூலையில் ஓடும் நேரத்தை விரலால் காட்டினாள்.

அவள் இன்னும் பத்து நிமிடம் கொடுத்தாள்.

மேலதிகாரியின் செய்தி வந்தது. 'ஒன்பதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?'

'நெட் விட்டு விட்டு வருது சார்.'

கடைசிப் பத்து நிமிடம். அதற்கு மேல் கொடுக்க வழியில்லை.

இளவரசி எழுதியதையே அழித்து, அதையே திரும்ப எழுதினாள். ஜன்னலில் நிழல் நகரவில்லை.

1:24.

கதவு தட்டும் சத்தம். நிழல் விலகியது. இளவரசி எழுந்து ஓடினாள்.

காலி நாற்காலி.

பாத்திரம் உருளும் சத்தம். ஒரு கூச்சல். பிறகு பல கால்கள். பிறகு ஒன்றுமில்லை.

'தேர்வர் இருக்கையில் இல்லை. தேர்வை முடிக்கலாமா?' என்று திரை கேட்டது.

'காத்திரு' என்பதை அழுத்தினாள். நேரம் ஆறு நிமிடத்தில் நின்றது. மறுபடி கேட்டது. மறுபடி அழுத்தினாள். எத்தனை முறை என்று தெரியவில்லை. பியூலா அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

காக்கிச் சட்டை ஒன்று திரையை மறைத்தது. ஒரு பெண் காவலர் குனிந்து பார்த்தார்.

"யாரும்மா போன் பண்ணது?"

இரண்டு வருடத்தில் முதல் முறையாக மைக்கைத் திறந்தாள்.

"நான்தான் மேடம்."

"அவனை வண்டில ஏத்தியாச்சு. பொண்ணு நல்லா இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். அது அந்தப் பக்கம் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

இளவரசி வந்தாள். கழுவிய முகம். நெற்றி முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஸ்டேஷனுக்குப் போகணும், வாம்மா."

"இன்னும் ரெண்டு கேள்வி இருக்கு மேடம்."

காவலர் இளவரசியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நேரம் ஓடத் தொடங்கியது.

அவள் திரையில் சிவப்பாக ஒரு கேள்வி வந்தது. 'அறையில் வேறு நபர் இருக்கிறார். யார்?'

'துணைக்கு வந்தவர்' என்று தட்டினாள்.

ஒன்பதாவது கட்டத்தில் இளவரசி உதட்டை அசைத்துக் கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தாள்.