பேர் வெட்டு

"உசுரோட இருக்கிற என் புருசனைச் செத்துட்டான்னு எழுதி வெச்சிருக்கீங்களே, நீங்கள்லாம் ஒரு வாத்தியாரா?"

மருதம்மாள் போட்ட சத்தத்தில், ரப்பர் தோட்டத்து ஆபீஸ் வாசலில் அரிசிக்கு நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது.

கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதி அவசரமாகப் பேர்ப் புத்தகத்தை மூடினார்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடிப்பதற்கு முன்னால் அவர் கிராணி இல்லை. சுங்கைப் பட்டாணி டவுனில் கணக்கியல் ஆசிரியர். தோட்டங்களில் இல்லாத ஆளுக்குப் பேர் எழுதிச் சம்பளத்தை அமுக்கும் தில்லுமுல்லுகளை ஆராய்ந்து, பத்திரிகையில் கட்டுரை கட்டுரையாக எழுதியவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் மிதித்து வந்து, சம்பளச் சீட்டைப் படித்துச் சரிபார்க்கத் தொழிலாளிகளுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுத்தவர்.

மருதம்மாள் எழுத்துக் கூட்டப் படித்ததும் அவரிடம்தான். அந்தப் படிப்புதான் இன்றைக்கு 'முனியாண்டி, காய்ச்சல், மரணம்' என்று சிவப்பு மையில் இருந்ததை வாசித்துவிட்டது!

"சத்தம் போடாதே, மருதம்மா. காலைப் பெரட்டுல பேர் கூப்பிடறப்போ முனியாண்டியைக் கொஞ்ச நாளைக்கு வர வேணாம்னு சொல்லு."

"ஏன்? அவரு வந்து நின்னா உங்க குட்டு உடைஞ்சிடுமோ?"

"ஆமா."

வெட்கமே இல்லாமல் ஒப்புக்கொள்கிறாரே!

"அப்ப அவரு பங்கு அரிசி?"

"செத்தவனுக்கு ஏதும்மா அரிசி?"

"எங்க வீட்டுக்காரரையும் கொன்னுட்டாருக்கா," என்றாள் பின்னால் நின்ற பிரேமாவதி. "மொத்தம் பதினோரு பேரு. எல்லாம் கல்லாட்டம் இருக்கிற ஆளுங்க. அரிசி பாசார்ல விக்கப் போவுதுலா, வேற என்ன?"

"சாயங்காலம் தனியா வந்து கேளு மருதம்மா, சொல்றேன்," என்றார் பரஞ்சோதி மெதுவாக.

"தனியா வேற வரணுமா! மூணு புள்ளைங்களுக்கு மரவள்ளிக் கிழங்கை அவிச்சுப் போட்டுக்கிட்டுக் கிடக்கேன். நாளைக்கு ஜப்பான் ஆபீசர் வர்றான்ல? அவன்கிட்டயே சொல்றேன்."

பரஞ்சோதிக்கு முகம் வெளுத்துவிட்டது. திருடனுக்குப் பயம் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

மறுநாள் காலை ஆபீசர் வந்தான். பின்னாலேயே ஒரு காலி லாரியும் வந்தது.

லாரி என்றால் சயாம். அங்கே காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போவார்கள். முன்பு ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை.

லாரிச் சத்தம் கேட்டதுமே கல்யாணமாகாத பையன்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரன் எங்கே ஓடுவான்? லயத்து வீட்டில்தான் பதுங்கிக் கிடந்தான்.

லாரியில் ஏற்ற ஆள் பொறுக்க ஆபீசர் பேர்ப் புத்தகத்தைப் புரட்டினான். ஒரே சிவப்பு மை. பரஞ்சோதியின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"பதினோரு பேரும் செத்துட்டானுங்களான்னு தொரை கேக்குறாரு," என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"காய்ச்சல்ல போயிட்டாங்க," என்றார் பரஞ்சோதி. உதட்டில் ரத்தம் வழிந்தது.

மருதம்மாள் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தாள். பேர் வெட்டப்பட்ட பதினோரு பேரின் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள். வாத்தியார் போட்ட கணக்கு அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அவள் பக்கத்தில் நின்ற பிரேமாவதியின் காதில் என்னவோ சொன்னாள். பிரேமாவதி அடுத்தவளிடம் சொன்னாள்.

"வீடு வீடா தேடப் போறோம்! முனியாண்டி பொண்டாட்டி யாரு? முன்னால வா!" என்று கத்தினான் மொழிபெயர்ப்பாளன்.

மருதம்மாள் முன்னால் போனாள். நேற்று அவள் போட்ட சத்தம் பரஞ்சோதியின் காதில் இன்னும் இருந்தது. எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"போன மாசம்தான் சாமி கொள்ளி வெச்சோம்! மூணு புள்ளைங்களோட என்னைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டாரே!"

பரஞ்சோதி கண்ணைத் திறந்தார்.

பதினோரு பெண்களின் நெற்றியிலும் பொட்டு இல்லை.