எழுச்சி நாயகன்

கண்ணாடிக் கூண்டுக்குள், கடுங்குளிரில், அணுக்கள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. லேசர் ஒளி மேலே விழுந்தும் ஒன்றும் அசையவில்லை. பக்கத்து அணு விழித்திருந்தால்தான் தானும் விழிப்பது என்பது அங்கே வழக்கம்.

எப்படியோ செங்கோடன் என்ற அணு மட்டும் விழித்துவிட்டது. பக்கத்தில் கிடந்த மாசானத்தை உலுக்கியது. "எழுந்திரு தம்பி, வெளிச்சம் வந்தாச்சு!"

மாசானம் அரைக்கண்ணைத் திறந்தது. "எனக்கும் எழணும்னு ஆசைதான் அண்ணே. லேசர் இன்னும் கொஞ்சம் ஏறட்டும், பார்க்கலாம்" என்று கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்தது. செங்கோடன் விடாமல் உலுக்கிக்கொண்டே இருந்தது.

அப்போது கூண்டுக்கு வெளியே நின்ற ஆராய்ச்சியாளர் லேசரைக் கொஞ்சமே கொஞ்சம் கூட்டினார். மாசானம் துள்ளி எழுந்தது. அது அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, கண் மூடித் திறப்பதற்குள் வரிசை முழுக்க ஒரே ஆரவாரம். உலுக்கி உலுக்கிக் களைத்த செங்கோடன் அப்படியே கண்ணயர்ந்தது.

இந்த எழுச்சிக்குக் காரணம் மாசானமே என்று அணுக்கள் கூடி ஒருமனதாக முடிவு செய்தன. மாசானம் மிகுந்த அடக்கத்தோடு பாராட்டை ஏற்றுக்கொண்டது. பிறகு பக்கத்தில் பார்த்து முகம் சுளித்தது.

"ஊரே விழிச்சிருக்கு, இந்த ஆளு மட்டும் குறட்டை விடுறாரு பாருங்க. இவரை மாதிரி ஆளுங்களாலதான் நாம இத்தனை காலம் தூங்கிக் கிடந்தோம்!"