ஒரு சொட்டு சோப்பு

நீல விளக்கின் கீழ் கண்ணாடிக் குழாய் இருண்டே கிடந்தது. உள்ளே கோடிக்கணக்கான கொழுப்புக் குமிழிகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும், நெருக்கியடித்துக் கிடப்பதாலேயே ஒளிராத சாயம். அமிலத்தின் புளிப்பு பட்டதும், ஆய்வு மாணவி ஹெப்சிபா நான்கு வருடமாக உருவாக்கிய பாலிமர் சுருங்கிக் குமிழிகளைக் கிழிக்க வேண்டும். சாயம் வெளியே வந்து பச்சையாக ஒளிர வேண்டும். அமிலம் விட்டுப் பத்து நிமிடமாயிற்று. சோதனையைப் பார்க்க வந்த விருந்தினர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பேராசிரியர் அவள் காதருகே குனிந்தார். "கடைசியில விடுற சோப்பை இப்பவே ஒரு சொட்டு விடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

சோப்பு எந்தக் குமிழியையும் உடைத்துவிடும். சோதனை முடிந்தபின், உடையாமல் மிஞ்சியது எவ்வளவு என்று அளக்கத்தான் அதை விடுவார்கள்.

"அப்போ பட்டத்தையும் சோப்புக்கே குடுத்துடுங்க சார்."

சொல்லிக்கொண்டே சோப்புப் புட்டியை எடுத்தாள். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். அவள் அதை விருந்தினர்களுக்கு முன்னால், லேபிளில் பெயர் தெரியும்படி திருப்பி வைத்தாள். பிறகு குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டாள்.

"இன்னும் உடையலைங்க," என்றாள் அவர்களிடம். "அவசரம் இருக்கிறவங்க கிளம்பலாம்."

ஒருவர் எழுந்தார். இன்னொருவர் நாற்காலியைக் குழாயருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.