ஏழாவது அட்டை

ஒன்பது வருஷம் மஸ்கட்டில் நர்ஸாக இருந்துவிட்டு ராஜபாளையம் திரும்பிய பாண்டிசெல்வி, முதல் வேலையாகப் பழைய பையை அவிழ்த்தாள். நாலு துளை போட்ட இருபது அட்டைகளும் நூல் கோத்தபடியே இருந்தன. அட்டைகளைத் திருப்பத் திருப்ப ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளி உருவம் விழும் நெசவு நாடா, பாதியில் நின்றிருந்தது. எந்த அட்டையை எப்போது திருப்புவது என்று எழுதிய நோட்டைத்தான் செல் அரித்திருந்தது.

“இனி யாரைப் போய்க் கேக்க?”

“அதைத் தூக்கிப் போட்டுட்டுச் சாப்பிட வாட்டி,” என்றான் சோலைராஜ். மில் ஃபிட்டர். அந்தக் காலத்திலேயே இதை ரிப்பன் வேலை என்று கேலி செய்த புருஷன்.

அவள் காதில் வாங்காமல் நூலை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை இடுப்பில் முடிந்துகொண்டு நெய்தாள். கிளிக்கு மூக்கு விழவில்லை. பிரித்து நெய்தாள். அப்போதும் விழவில்லை.

“ஏழாவது அட்டைய மட்டும் பின்னால திருப்பு,” என்றது அடுப்படியிலிருந்து அவன் குரல்.

திருப்பினாள். சிவப்பாக மூக்கு விழுந்தது!

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

சோலைராஜ் பீரோவிலிருந்து பெரிய நாடாச் சுருள் ஒன்றை எடுத்து வந்தான். “ஒன்னோடதைத் தொடல. நீ போனபெறகு நோட்டைப் பாத்துத் தனியா அட்டை வெட்டி நெய்து பழகினேன். செல் அரிக்கதுக்கு முன்னாடியே மனசுல ஏறிட்டு.”

பாண்டிசெல்வி சுருளைத் தரையில் உருட்டிவிட்டாள். முதல் கிளிகள் காக்கை போலிருந்தன. போகப் போகக் கழுத்து வந்தது, இறகு வந்தது, மூக்கு வந்தது. வாசற்படியைத் தொட்டபோதும் சுருள் பாதிதான் பிரிந்திருந்தது.

“தெனமும் போன்ல, சாப்பிட்டேன், படுத்துட்டேன்னு சொன்னீங்களே?”

“சாப்பிட்டது நெசந்தான்.”