பாட்டில் வந்த செம்பட்டைக்காரி

கண்ணாடித் தட்டின் அடியில் டேப் ஒட்டித் தன் பெயரை எழுதியதுதான் ஆர்வில் செய்த முட்டாள்தனம்.

சாவு வீட்டுக்குச் சமைத்து எடுத்துப்போனால் பாத்திரம் திரும்பி வரவேண்டுமே என்று அமெரிக்காவின் கென்டக்கியில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எல்லோருடைய பெயரும் ஆர்வில் ஸ்டாம்பர் இல்லை.

சர்ச் கூடத்துச் சமையலறையில் ஓப்பல் தட்டைத் தூக்கி அடியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒன்றாகப் படித்தவள்.

“இன்னும் உசுரோடதான் இருக்கியா நீ? இத யாரு செஞ்சா, அந்தச் செம்பட்டைக்காரியா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் கோழிச்சோற்றுத் தட்டு நீள மேசையின் கடைசிக்கு, காகிதக் குவளைகளுக்கும் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஒரு காலத்தில் அவன் மனைவியாக இருந்த பாடகி வெர்னா ஸ்டாம்பரை அடக்கம் செய்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. தன் கல்லறையில், தனக்குப் பேர் வாங்கித் தந்த அந்தப் பாட்டைத்தான் பாடவேண்டும் என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முந்நூறு பேர் அழுதுகொண்டே பாடினார்கள்.

*ஆர்வில் போனான் காரிலே, செம்பட்டைக்காரி பக்கத்திலே,*
*நானும் என் கைப்பிள்ளையும் நிக்கிறோமே மழையிலே.*

பாட்டின் வில்லன் வாயை மூடிக்கொண்டு நின்றால் நன்றாக இருக்காது என்று கடைசி வரிசையில் அவனும் பாடினான். மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. அழுகை என்று யாராவது நினைத்திருந்தால் அவனுக்குச் சந்தோஷம்தான். உண்மையில் அந்த இடம் அவனுக்கு எப்போதும் எட்டியதில்லை.

ஐம்பத்திரண்டு வருஷம். நாடெங்கும் மதுக்கடைகளில் குவளையைத் தூக்கிப் பிடித்து அவனைத் திட்டியிருக்கிறார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதன் பிறகு ஒரு குழந்தைக்கும் ஆர்வில் என்று பெயர் வைக்கவில்லை. நாய்களுக்கு வைத்தார்கள். தலைமறைவாக ஒஹையோவுக்குப் போய் டயர் தொழிற்சாலையில் சேர்ந்தான். முதல் நாளே மேஸ்திரி விசிலடித்தது அந்த மெட்டைத்தான். ஒரு வேலையும் செய்யாமல் இவ்வளவு புகழ் பெற்றவன் அமெரிக்காவில் வேறு யாரும் இல்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுண்டு.

எழுபத்தெட்டு வயதில் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தது திட்டு வாங்க அல்ல. அது ஒஹையோவிலேயே கிடைக்கும். ரோண்டாவைப் பார்க்கத்தான் வந்தான். பாட்டில் மழையில் நின்ற அந்தக் கைப்பிள்ளை. அவன் மகள். அவள் தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினால் போதும், திட்டாக இருந்தாலும் சரி என்று நினைத்திருந்தான்.

மற்ற தட்டுகளெல்லாம் காலியாகிவிட்டன. அவனுடைய கோழிச்சோற்றை ஒருவரும் தொடவில்லை. அதன் பக்கத்தில், கடையில் போணியாகாத வியாபாரி மாதிரி அவன் நின்றான்.

ரோண்டா வந்தாள். வெர்னாவின் அதே அகலமான நெற்றி. கரண்டியை எடுத்து ஒரு வாய் பரிமாறிக்கொண்டாள்.

“அவங்க செஞ்சதா?”

‘அவங்க’ என்றால் அந்தச் செம்பட்டைக்காரியைத் தவிர வேறு யாரையும் நினைக்கத் தெரியாத ஊர். இல்லை, அப்படி ஒருத்தி கிடையாது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகளின் தோளுக்கு மேல், பூக்களுக்கு நடுவே வெர்னாவின் பெரிய படம். அதன் கீழே முந்நூறு பேர், ஏமாற்றப்பட்டவளுக்காக அழுது சிவந்த கண்களோடு.

“நான் செஞ்சதுதான்மா. அவ போன வருஷம் தவறிட்டா.”

சொன்ன பிறகு அவனுக்கே துக்கமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ரோண்டா தட்டை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

“அப்போ இத்தன நாளா தனியாவா இருக்கீங்க? ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதாப்பா?”

அப்பா. ஐம்பத்திரண்டு வருஷமாகக் காத்திருந்த சொல், ஒரு பொய்க்குக் கூலியாகக் கிடைத்துவிட்டது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கிற அளவுக்கு அவன் நல்லவன் இல்லை. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

உண்மையில் அன்று மழையே இல்லை. நல்ல வெயில். கைப்பிள்ளையை முன்சீட்டில் படுக்கவைத்து, கிட்டாரைப் பின்சீட்டில் போட்டு, பாட்டுக் கம்பெனிகள் இருக்கும் நாஷ்விலுக்குக் காரை எடுத்தவள் வெர்னா. அவன்தான் வாசலில் நின்றான். புருஷனை விட்டு வந்தவள் பாடினால் அந்தக் காலத்து ரேடியோவில் போடமாட்டார்கள். புருஷன் விட்டுப்போனவள் பாடினால் நாடே அழும். பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டு அவள் அதைச் சொன்னாள், பாட்டில் உன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். போட்டுக்கோ என்றான். யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்த மேதை அவன். கூட ஓடிப்போக ஒருத்தி வேண்டுமே என்றாள். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

“அவங்க பேரு என்னப்பா? அம்மாகிட்ட எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.”

கூடத்தில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஓப்பல் கையில் ஈரத் துணியோடு சமையலறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு பெயர் வைக்கவேண்டும் என்று ஆர்விலுக்குத் தோன்றியதே இல்லை.