ஏழாவது ஓட்டை

அவசரநிலை அறிவித்த நான்காம் நாள், என் வெல்டிங் பட்டறை வாசலில் ராணுவ ஜீப் வந்து நின்றது.

“எல்லை வேலியில ஆறு ஓட்டை இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அடைக்கணும். முடியாதுன்னா உன்னைத் தூக்கி உள்ள வைக்க இப்ப எனக்கு அதிகாரம் இருக்கு,” என்றார் கேப்டன்.

வெல்டிங் சாமான்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வேலை என்று இறங்கிவிட்டால் எனக்கு வேறெதுவும் கண்ணில் படாது. நாலு மணிக்கே ஆறையும் முடித்துவிட்டேன்.

“கெட்டிக்காரன்யா நீ. வா, கிளம்பலாம்.”

அந்தப் பாராட்டோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

“இன்னொண்ணு இருக்கு சார்,” என்றேன்.

முள்புதரை விலக்கி, தரையோரம் வளைந்துகிடந்த கம்பிகளைக் காட்டினேன். கேப்டன் தன் ஆட்களை முறைத்தார்.

“மூணு நாளா தேடுறீங்க. இவன் எப்படிக் கண்டுபிடிச்சான் பாத்தீங்களா?”

“தொழில் பண்ற கண்ணு சார்,” என்று சிரித்துவிட்டு அதையும் பற்றவைத்தேன். எல்லார் முன்னாலும் கேப்டன் எனக்குக் கைகொடுத்தார்.

அப்போதுதான் மனைவி போனில் கூப்பிட்டாள்.

“உங்க அக்கா அந்தப் பக்கத்துலேருந்து பேசினாங்க. அங்க இனிமே இருக்க முடியாதாம். புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.”

“எந்த வழியா?”

“நாம வந்த வழியாத்தான். முள்புதருக்குப் பின்னால புகுந்து வரலாம்னு நீங்கதானே சொல்லி வெச்சிருந்தீங்க?”

கேப்டன் இன்னும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பற்றவைக்க எதுவும் மிச்சமில்லை. இருந்தும் வெல்டிங் முகமூடியை இறக்கி முகத்தை மூடிக்கொண்டேன்.